அண்ணாவின் பெற்றோல் கான்

கொழும்பு வெள்ளவத்தையில் இருப்பவனுக்கு மெசின் வாள் எதற்கு என்று கேட்டால் அண்ணாவிடம் நேரான பதில் கிடையாது. ஊர்க் காணியில் காடாக வளர்ந்து கிடக்கும் மரங்களை வெட்டித் துப்புரவாக்கவென்று கனடாவில் இருக்கும் மச்சான் ஒருவர் அதைப் பெட்டியில் போட்டுக் கப்பலில் அனுப்பியிருந்தார். பெட்டி கொழும்புக்கு வந்தது, காணிக்குப் போகவில்லை. "வெளிநாட்டுச் சாமான். ஊரில விட்டால் கண்டவனும் இரவல் கேப்பான்" என்று சொல்லி அண்ணா அதைத் தன் அறை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டார். யாராவது வீட்டுக்கு வந்தால் இறக்கிக் காட்டுவார். பிடியில் சுற்றியிருந்த பொலித்தீனைக் கழற்ற விடமாட்டார். வந்தவர்கள் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே "நல்ல சாமான்" என்பார்கள். வாள் திரும்ப மேலே போய்விடும்.

அண்ணாவின் இன்னொரு சொத்து பெற்றோல் கான். நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில், காலி வீதிப் பெற்றோல் ஷெட்டுக்கு முன்னால் வெயிலிலும் மழையிலும் நின்று சேர்த்தது. அந்த வரிசைகளெல்லாம் எப்போதோ ஓய்ந்துவிட்டன. ஷெட்டுக்குப் போனால் நிற்காமல் அடித்துக்கொண்டு வரலாம். ஆனால் கான் மட்டும் எங்கள் குசினிக்குப் பின்பக்கம், காஸ் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே குந்திக்கொண்டிருந்தது. காருக்காவது விட்டு முடியுங்கள் என்று நான் கத்தாத கிழமை இல்லை. "அது அவசரத்துக்கு" என்பார். என்ன அவசரம் என்று கேட்டால், "அவசரம் சொல்லிப்போட்டே வரும்?" என்று என்னையே திருப்பிக் கேட்பார். வீடு எரிந்தால் அதுவும் அவசரம்தான் என்று நான் சொல்வேன். அவர் எழும்பிப் போய்விடுவார்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அப்பா, அண்ணா, நான். அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கிழமையில் குறித்த நாட்களில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மெசினில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். நேரம் தவறினால் கட்டிலை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். முன்பு ஒருமுறை அப்படித் தவறி, உடம்பில் நீர் ஏறி, அவர் படுக்கவும் முடியாமல் கதிரையில் இருந்தபடி மூச்சுக்குத் தவித்ததை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு தரம் அதைப் பார்க்க என்னால் முடியாது.

அன்றைக்கும் அப்பாவின் முறை. இரவெல்லாம் அடித்த காற்று விடியத்தான் ஓய்ந்தது. காரை எடுக்கலாம் என்று கேற்றைத் திறந்தேன். வீதிக்குப் போகும் ஒழுங்கையைக் காணவில்லை. பக்கத்துக் காணியின் மாமரம் மதிலையும் உடைத்துக்கொண்டு குறுக்கே கிடந்தது. அந்தக் காணியில் இருந்த பழைய வீட்டை இடித்து, அடுக்குமாடி கட்டப்போகிறோம் என்று தகரம் அடித்து, மரத்தின் ஒருபக்க வேரையும் தோண்டிவிட்டுப் போனவர்கள் பிறகு அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. வெள்ளவத்தையில் மற்ற ஒழுங்கைகள் ஒரு தலைப்பில் காலி வீதி என்றால் மறு தலைப்பில் மரைன் டிரைவில் போய் ஏறும். எங்கள் ஒழுங்கை எங்கள் கேற்றோடு முடிந்துவிடும். வெளியே போக இருந்த ஒரே வழியில் நெஞ்சளவு உயரத்துக்கு அடிமரம் கிடந்தது, அதற்கு மேலே மதிலுக்கு மதில் கொப்பும் இலையும்.

மரம் விழுந்தால் சொல்லவென்று ஓர் இலக்கம் இருக்கிறது. எடுத்தேன். "லைன் எகே இன்ன மிஸ்" என்று ஒரு பெண் குரல் சொன்னது. லைனிலேயே இருந்தேன். காதுக்குள் ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓடியது. பிறகு அதே குரல் வந்து, கொழும்பு முழுக்க மரம் விழுந்து கிடக்கிறது, உங்கள் முறை வர மத்தியானம் தாண்டும் என்று சிங்களத்தில் சொன்னது. அப்பாவின் நிலைமையை எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாவற்றையும் போட்டுச் சொன்னேன். "அனே, பவ்" என்று அந்தப் பெண் உண்மையாகவே இரங்கினாள். இரக்கத்தை வைத்து மரம் வெட்ட முடியுமா?

வீட்டுக்குள் அப்பா வெளிக்கிட்டு ஆயத்தமாகக் கதிரையில் இருந்தார். வெள்ளைச் சேர்ட், கையில் மருந்துப் பை. கால்கள் வீங்கிச் செருப்புக்குள் அடங்காமல் இருந்தன.

அண்ணாவின் முகத்தைப் பார்த்தேன். சொல்லக்கூடாது, ஆனால் அந்த முகத்தில் ஒரு வெளிச்சம். "மெசின் வாள் இருக்கெல்லே!" என்று அறைக்குள் ஓடினார். பெட்டியை இறக்கினார். பொலித்தீனைக் கழற்றினார். கழற்றியதை நாலாக மடித்து மேசையில் வைத்தார். அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு இருக்கிறார், இவர் பொலித்தீன் மடிக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வாளுக்குப் பெற்றோலோடு டூ-டி ஒயிலும் கலந்துவிட வேண்டும். அந்த ஒயிலும் மச்சானின் பெட்டியிலேயே வந்திருந்தது. அண்ணா குசினிப் பக்கம் போய்க் கலந்து, வாளின் தாங்கியை நிரப்பிக்கொண்டு வந்தார். ஒழுங்கையில் வைத்து ஒரு காலால் மிதித்துக்கொண்டு கயிற்றை இழுத்தார். ஒன்றுமில்லை. திரும்ப இழுத்தார். வாள் கனைக்கக்கூட இல்லை. இழுத்து இழுத்துச் சேர்ட் முதுகோடு ஒட்டிப்போனது.

மரத்துக்கு அந்தப் பக்கம் எதிர் அடுக்குமாடியில் இருக்கும் முஸ்லிம் நானா சாரத்தோடு வந்து நின்றார். புறக்கோட்டையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். ஆணியும் பெயின்றும் விற்பவர்தான், என்றாலும் உலகத்தில் உள்ள எந்த மெசினைப் பற்றியும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. கொப்புகளுக்குள்ளால் தலையை நீட்டிப் பார்த்தார்.

"தம்பி, அந்த ஸ்விட்ச் ஓஃப்ல இரிக்கி போல."

இருந்தது. அவ்வளவு நேரமும் ஓஃபில்தான் இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அந்த அடிமரத்தை நானே கடித்து முறித்திருப்பேன். அண்ணா ஒன்றும் நடக்காதது மாதிரி ஸ்விட்சைப் போட்டார். "செக் பண்ணினனான்" என்றார்.

மறுபடி இழுத்தார். இந்தமுறை ஒரே ஒருதரம் 'டுப்' என்று ஒரு சத்தம் கேட்டது. எங்கள் எல்லோருக்கும் உயிர் வந்தது. பிறகு எவ்வளவு இழுத்தும் அந்தச் சத்தம் வரவில்லை. "சோக்கப் போட்டு இழுங்க" என்றார் நானா. போட்டு இழுத்தார். "இப்ப சோக்க எடுத்துட்டு இழுங்க." எடுத்துவிட்டு இழுத்தார். "அப்ப கொஞ்சம் அரைவாசி போடுங்க." நான் போனில் வீடியோ ஒன்றைத் தேடி எடுத்தேன். பனிக்குள் நின்ற ஒரு வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரே இழுவையில் வாளை முழங்க வைத்தார். அவர் முகத்தைப் பார்க்கவே பத்திக்கொண்டு வந்தது. போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

அண்ணா பிளக்கைக் கழற்றினார். நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. இழுத்த இழுவையில் இன்ஜின் எண்ணெயைக் குடித்துத் தள்ளியிருக்கிறது. அதைக் காயவைக்க அவர் சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்தார். பக்கத்தில் மூடி திறந்தபடி எண்ணெய்த் தாங்கி! பாய்ந்து பறித்தேன். "என்ன விசரே உங்களுக்கு? அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதோ, எல்லாரும் சேர்ந்து போறதோ?" என்று கத்தினேன்.

"சும்மா கத்தாதை பிள்ளை. எனக்குத் தெரியும்."

இந்த 'எனக்குத் தெரியும்' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டே எனக்கு நரை விழுந்தது.

அப்பாவைக் கதிரையோடு தூக்கி மரத்துக்கு மேலால் கடத்தலாம் என்று நானா சொன்னார். நல்ல மனிதர், ஆட்களைக் கூட்டிவரவும் ஆயத்தமாக நின்றார். உள்ளே போய் அப்பாவிடம் சொன்னேன். "என்னைத் தூக்கிற நாள் ஒண்டு வரும். அண்டைக்குத் தூக்குங்கோ" என்றார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு இரண்டு இடத்தில் மூச்சு எடுக்க வேண்டியிருந்தது. அவர் ஓம் என்று சொன்னாலும் அந்தக் கொப்புகளுக்குள்ளால் எப்படிக் கடத்துவது? அவருடைய இடது கையில்தான் மெசினுக்கு ஊசி ஏற்றும் நரம்பு இருக்கிறது. அதில் ஒரு கொப்பு கிழித்தால் வேறு வினை வேண்டாம்.

வெளியே வந்து அண்ணாவின் கையிலிருந்த பிளக்கைப் பிடுங்கி என் சேலைத் தலைப்பால் துடைத்தேன். துடைத்த கையால் முகத்து வியர்வையை ஒற்றினேன். அப்படியே நின்றுவிட்டேன். அந்த மணம் பெற்றோல் மணம் இல்லை.

"அண்ணா, இதுக்குள்ள என்னத்தை விட்டனீங்கள்?"

"பெற்றோல்தான்."

"பெற்றோல் மட்டுமோ?"

அவர் மரத்தைப் பார்த்தார். "கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தனான்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"அரைவாசிக்கு அரைவாசி. கான் முடிஞ்சுபோமெண்டு."

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். மண்ணெண்ணெய்! இது கொழும்பில் வேறு எவனுக்கும் வராத புத்தி. யுத்த காலத்துப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் இருந்த மனிதனுக்கு மட்டும்தான் வரும். அங்கே அப்போது பெற்றோல் என்பது கண்ணால் காணக் கிடையாத சாமான். மோட்டார் சைக்கிள், கார், தண்ணீர் இறைக்கும் மெசின் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் ஆறிக் கிடக்கும் இன்ஜின் மண்ணெண்ணெய்க்குப் பற்றாது. முதலில் சில துளி பெற்றோலைக் காட்ட வேண்டும். சூடேறிவிட்டால் பிறகு மண்ணெண்ணெயிலேயே புகைத்துக்கொண்டு ஓடும். அந்தச் சில துளிக்காக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சின்ன மருந்துப் போத்தலில் பெற்றோல் இருக்கும். எங்கள் வீட்டுப் போத்தல் அம்மாவின் சாமி அறையில் இருந்தது.

"காருக்குள்ள நல்ல பெற்றோல் நிறையக் கிடக்கு. அதை எடுத்து விட்டிருக்கலாமே?" என்றேன்.

"கார்ப் பெற்றோல் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு."

"இப்ப நாங்கள் என்ன செய்யிறம்? தேருக்கோ போறம்?"

மரத்துக்கு அந்தப் பக்கம் நானா இருமினார். சிரிப்பை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன். அண்ணா குனிந்து வாளின் தாங்கி மூடியை இறுக்கினார். பிறகு என்னைப் பார்க்காமலே, "அப்பாவின்ர ஊசி ஒண்டு எடுத்துக்கொண்டு வா" என்றார்.

அப்பா சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிறவர். புது ஊசி ஒன்று எடுத்து வந்தேன். அண்ணா எங்கள் பழைய காரின் தாங்கிக்குள் மெல்லிய குழாய் ஒன்றை விட்டு வாயால் உறிஞ்சினார். ஒரு வாய் பெற்றோலைத் துப்பிவிட்டு, மிச்சத்தைக் கோப்பை ஒன்றில் பிடித்தார். வாளின் தாங்கியில் இருப்பதை வெளியே ஊற்றிவிட்டு முழுக்கப் புதிதாக நிரப்புங்கள் என்றேன். "இருக்கிறதை ஏன் ஊத்துவான்?" என்றார். இந்த மனிதரோடு மல்லுக்கட்ட எனக்கு வலு இல்லை. பிளக் இல்லாமல் கயிற்றை இழுத்து உள்ளே தேங்கியதை வெளியே அடித்தார். ஊசியால் பெற்றோலை இழுத்து, பிளக் துவாரத்துக்குள் சொட்டுச் சொட்டாக விட்டார். விரல்கள் ஒரு தயக்கமும் இல்லாமல் வேலை செய்தன. பிளக்கை இறுக்கினார். காலால் மிதித்தார். இழுத்தார்.

ஒன்றுமில்லை. இன்னொருதரம் ஊசியால் விட்டார். இழுத்தார். ஒன்றுமில்லை.

அப்போதுதான் அவர் வாளோடு கதைக்கத் தொடங்கினார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்.

"வாடி என்ர ராசாத்தி. இந்த ஒருக்கா வா. இந்த ஒருக்கா மட்டும்."

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அந்தக் கெஞ்சலை நான் முன்பு கேட்டிருக்கிறேன். சின்னப் பிள்ளையாக எனக்கு முட்டு வருத்தம் இருந்தது. தடைக்காலத்தில் ஒரு மத்தியானம் அது கடுமையாக வந்து, மூச்சை உள்ளே இழுத்தால் வெளியே விட முடியாமல் படியில் சாய்ந்திருந்தேன். முற்றத்தில் அண்ணா மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு நின்றார். அப்போது அவருக்கு மீசை சரியாக முளைக்காத வயது. அம்மா போத்தலைக் கவிழ்த்துத் தட்டித் தட்டிக் காட்டினாள். ஒரு துளி இல்லை. அவர் உதைத்துக்கொண்டே இருந்தார். உதைத்த கட்டை திருப்பி அடித்துக் கணுக்காலுக்கு மேலே கிழித்து, இரத்தம் செருப்புக்குள் இறங்கியது. அப்போதும் இதே குரலில் இதே கெஞ்சல்தான். பிறகு மோட்டார் சைக்கிளைப் போட்டுவிட்டு, என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரி வரைக்கும் மிதித்தார். வழி எனக்கு நினைவில்லை. என் உச்சந்தலையில் அவருடைய வியர்வை விழுந்துகொண்டே இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு அண்ணா இருந்த எந்த வீட்டிலும் பெற்றோல் இல்லாமல் இருந்ததில்லை. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்துகொண்டும் ஒவ்வொரு கிழமையும் அந்தக் கானைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். கூடவே இருக்கிற மனிதரின் மேல் கோபப்படுகிற நேரத்தில் இதையெல்லாம் யார் யோசிக்கிறார்கள்?

"இழுங்கோ அண்ணா" என்றேன். "வரும், இழுங்கோ."

ஊசியில் மிச்சம் இருந்ததை எல்லாம் விட்டு இழுத்தார். வாள் செருமியது. நின்றுவிடுமோ என்று நினைக்கும்போது ஒரு பெரிய குரலோடு பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை ஒழுங்கையை நிறைத்தது. ஆட்கள் யன்னல்களை அடித்துச் சாத்தினார்கள். நானா சாரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அல்லாவே, இது என்ன வாடை!" என்று கத்தினார். அண்ணா என்னைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தியோ? மண்ணெண்ணெயில ஓடுது!" வாளை அணைத்துவிட்டு அவரை இரண்டு அடி அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அழ வேண்டும் போலவும் இருந்தது.

கொப்புகள் முதலில் போயின. அடிமரத்தில் வாள் இரண்டு தரம் சிக்கியது. நானா அந்தப் பக்கம் நின்று "மேலால வெட்டுங்க, கீழால வெட்டுங்க" என்று மாற்றி மாற்றிச் சொன்னார். அண்ணா ஒன்றையும் கேட்கவில்லை, அது நல்லதாகப் போயிற்று. கார் நுழையக்கூடிய அளவுக்கு மரத்தைத் துண்டாக்கி உருட்டினோம். கடைசித் துண்டு உருண்டதும் வாளை அணைத்துவிட்டு அண்ணா அந்தத் துண்டின் மேலேயே இருந்தார். கை நெஞ்சில் இருந்தது. முகத்தில் நிறமே இல்லை.

"என்ன செய்யுது?" என்றேன்.

"ஒண்டுமில்லை. மூச்சு வாங்குது. நீ அப்பாவைக் கொண்டு போ."

அப்பாவைக் காரில் ஏற்றினேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஒழுங்கை முழுக்க யாழ்ப்பாணம் மணக்குது" என்றார். சிரிக்கத் தொடங்கி இருமலில் முடித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பம்பலப்பிட்டிப் பக்கம் வீதியிலும் மரம் விழுந்து வாகனங்கள் ஊர்ந்தன. ஹோர்னில் கையை வைத்தபடியே போனேன். ஆஸ்பத்திரியில் தாதி மணிக்கூட்டையும் என் முகத்தையும் பார்த்தாள். ஏதோ பேச வாயெடுத்தவள் என் சேலையில் இருந்த கரியைக் கண்டு கட்டிலைக் காட்டினாள். மற்ற நோயாளிகளும் மரங்களில் மாட்டுப்பட்டுப் பிந்தி வந்திருந்தார்கள். அப்பாவின் கையில் ஊசி ஏறி, மெசின் சுற்றத் தொடங்கிய பிறகுதான் நான் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு இருந்தேன்.

பின்னேரம் அப்பாவோடு வீட்டுக்கு வந்தால் அண்ணா முழு மரத்தையும் வெட்டி மதிலோரம் அடுக்கியிருந்தார். வாளைத் துடைத்துப் பழைய பொலித்தீனையே திரும்பச் சுற்றியிருந்தார். குசினிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். கான் வெறுமையாகக் கிடந்தது. மூடி திறந்து, தலைகீழாக. இத்தனை காலமும் நான் கேட்டது அதுதான். கேட்டது கிடைத்ததும் ஏனோ எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

அடுத்த நாள் சந்தைக்குப் போகும்போது கானைக் கழுவிக் காரில் வைத்துக்கொண்டு போனேன். ஷெட்டில் கானுக்குத் தரமாட்டோம் என்றார்கள். மெசின் வாளைப் பற்றிச் சிங்களத்தில் ஒரு பெரிய கதை சொன்னேன். சிரித்துக்கொண்டே தந்தார்கள். கொண்டுவந்து காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் இல்லாமல், வீட்டுக்கு வெளியே, தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே நிழலில் வைத்தேன். அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அண்ணா வந்து பார்த்தார். தூக்கி ஆட்டிப் பார்த்தார். மூடியைத் திறந்து மணந்தார்.

"தனிப் பெற்றோல்தானோ?"

"ஓம். அதுக்குள்ள மண்ணெண்ணெய் விட்டீங்களோ, நான் வீட்டை விட்டுப் போயிடுவன்."

"ஆருக்கு இது?"

"அப்பாவுக்கு" என்றேன். அப்போதுதான் வாளை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டு வந்து, ஒரு கையால் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு நின்ற அந்த மனிதரிடம், உங்களுக்குத்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.